கப்பல் வருஷத்துக்கு ஒன்று

நீலக் கலர் இன்லண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்து, மடிக்கிற ஓரத்திலும் இரண்டு வரி நுணுக்கி எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி அனுப்புவோமே, அதுதான். நாகர்கோவில் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில், துபாய்க்கும் குவைத்துக்கும் போன மகனின் கடிதத்துக்காகத் திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இந்த வாரம் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான கதை. வெளிநாட்டிலிருந்து இதே கடலோரத்துக்கு வந்த ஒருவர், இங்கிருந்து தன் ‘தகப்பனுக்கு’ எழுதிய கடிதங்களின் கதை. தபால்காரர் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். அதுவும் கப்பல் மூழ்காமல் இருந்தால்!

எழுதியவர் ஒரு தூதர். சாதாரணத் தூதர் இல்லை. போப் மூன்றாம் பால் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரங்களோடு வந்தவர். ‘நுன்சியோ’ என்பது அந்தப் பதவியின் பெயர். அவரை உங்களுக்குத் தெரியும். கோட்டாறு பெரிய கோயில் இருப்பது அவர் பெயரில்தான். குமரி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு சேவியர், இரண்டு சவரிமுத்து இருப்பதும் அவரால்தான். புனித சவேரியார்.

‘அட, சாமியார் கதையா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பீடத்தில் இருக்கும் சவேரியாரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது, கொச்சியிலும் மணப்பாட்டிலும் உட்கார்ந்து, கப்பல் கிளம்புவதற்குள் அவசர அவசரமாகப் பேனாவை ஓட்டிய ஒரு முப்பத்தெட்டு வயது மனிதரை.

1506-ல் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே இருந்த நவார் என்ற குட்டி ராஜ்யத்தில் பிறந்தவர். அப்பா அந்த அரசின் ஆலோசனை சபைத் தலைவர். வீடு என்றால் கோட்டை. ஆனால், பையனுக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அடுத்த வருஷம், ஜெயித்த ஸ்பெயின்காரர்கள் கோட்டையின் மதில்களை இடித்துத் தள்ளினார்கள். பாரீசில் படித்துக்கொண்டிருந்தபோது, 1529-ல், அம்மாவும் போய்ச் சேர்ந்தார். ஆக, கடிதம் எழுதுகிற வயது வந்தபோது எழுத அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

அம்மா இறந்த அதே வருஷம்தான் பாரீஸ் கல்லூரி அறைக்கு ஒரு புது ஆள் வந்தார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. போரில் குண்டடி பட்டு, நொண்டி நடக்கிற முன்னாள் போர்வீரர். பெயர் இக்னேஷியஸ் லயோலா. நம்ம ஊரில் இஞ்ஞாசியார். முதலில் சவேரியாருக்கு இவரைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஆனால், கையில் காசில்லாமல் தவித்தபோது உதவியவரும் இவர்தான். இன்று நமக்குக் கிடைக்கிற சவேரியார் கடிதங்களில் முதலாவது, 1535-ல் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதியது. என்னைப் பற்றி வரும் வதந்திகளை நம்பாதே, இந்த மனிதர் எனக்குச் செய்த உதவிக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் சாரம்.

அதற்குப் பிறகு இஞ்ஞாசியார்தான் சவேரியாருக்குத் தகப்பன். கடிதங்களில் அவரை அப்படித்தான் அழைக்கிறார், ஆத்துமத்தின் தகப்பன் என்று. அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய இயேசு சபைதான் வீடு. ரோம்தான் ஊர்.

அந்த ஊரிலிருந்து 1540 மார்ச்சில் கிளம்பினார். இந்தியாவுக்குப் போக வேண்டியவர் உண்மையில் இன்னொருவர். அவர் காய்ச்சலில் படுத்துவிட, இவர் மாற்று ஆள். கிழிந்த துணியைத் தைத்துக்கொள்ள மட்டுமே நேரமிருந்த அவசரம். அன்று விடைபெற்ற சவேரியாரும் இஞ்ஞாசியாரும் அப்புறம் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

1541 ஏப்ரல் 7-ம் தேதி லிஸ்பனில் கப்பல் ஏறினார். அன்றைக்கு அவருக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். கோவாவில் இறங்கியது 1542 மே 6-ம் தேதி. பதின்மூன்று மாதம்! இறங்கியதும் நுன்சியோ செய்த முதல் காரியம், போப் கொடுத்த பத்திரங்களைக் கோவா பிஷப்பிடம் நீட்டி, நீங்கள் அனுமதித்தால்தான் இதைப் பயன்படுத்துவேன் என்று சொன்னது. அதன் பிறகு பல வருஷம் அந்தப் பத்திரங்கள் வெளியே தலைகாட்டவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கோவாவிலிருந்து அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை பரதவர் வாழும் கடற்கரை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்புதான், போர்ச்சுகல் கப்பற்படையின் பாதுகாப்புக்காக, சுமார் இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அதற்கப்புறம் அவர்களை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. இவருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு போர்ச்சுகீஸ் தெரியாது. இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த சிலரை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார்.

அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது என்பதற்கு அவரது கடிதத்திலேயே ஓர் அருமையான சாட்சி. 1544-ல் தன் கூட்டாளி மன்சிலாசுக்கு எழுதுகிறார். விசுவாச ஜெபத்தில் ‘வேணும்’ என்று நாம் சொல்லிக்கொடுத்திருப்பது தப்பு, ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருளாம், ‘விசுவாசம்’ என்று மாற்றிவிடு என்று. யோசித்துப் பாருங்கள்! அதுவரை எத்தனையோ ஆயிரம் பேர், கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில், ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அப்படியொன்றும் மோசமான ஜெபம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், அவர் தப்பைக் கண்டுபிடித்ததும் மறைக்கவில்லை. திருத்தினார்.

இப்போது தபால் விஷயம்.

சவேரியார் ஐரோப்பாவுக்கு எழுதிய முக்கியமான கடிதங்களின் தேதியைப் பாருங்கள். 1544 ஜனவரி 15, கொச்சி. 1545 ஜனவரி 27, கொச்சி. 1548 ஜனவரி 20, கொச்சி. அதென்ன எப்போதும் ஜனவரி, எப்போதும் கொச்சி? பருவக்காற்றுதான் காரணம். மிளகு ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குக் கிளம்பும் கப்பல்கள் அந்தச் சமயத்தில்தான் கொச்சியை விட்டுப் புறப்படும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரிதான்.

1544 கடிதத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார் (காமர்ஸ் படித்தவனுக்கு இதெல்லாம்தான் கண்ணில் படும்!). போர்ச்சுகலை விட்டு வந்து இரண்டு வருஷம் ஒன்பது மாதம். இதையும் சேர்த்து நான் எழுதியது மூன்று முறை. உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு கடிதம். அது 1542 ஜனவரி 13-ல் எழுதப்பட்டு, இரண்டு மாதம் முன்புதான் கைக்குக் கிடைத்தது. கொண்டுவந்த கப்பல் மொசாம்பிக்கில் காற்றுக்காகக் காத்துக் கிடந்ததாம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பழசான கடிதம்! அதைப் படித்த சந்தோஷத்தைக் கடவுள்தான் அறிவார் என்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழ இரண்டு நிமிஷம் தாமதமானால் நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போகிறது, ஜெபம் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்று எழுதியது இதே கடிதத்தில்தான். பாரீஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், படிப்பை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களைப் பார்த்துப் பைத்தியக்காரன் போலக் கத்த வேண்டும்போல் இருக்கிறது என்றும் புலம்புகிறார். அந்தக் கடிதம் 1545-ல் பாரீசில் அச்சாகி வெளிவந்தது. நம்ம ஊர்க் கடற்கரையைப் பற்றி ஐரோப்பாவில் அச்சடித்து விற்ற ஆரம்பகாலச் செய்திகளில் அது ஒன்று.

வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். நல்லதைப் பெரிதாக்கி, கஷ்டத்தைச் சுருக்கிச் சொல்வோம். ஆனால், பக்கத்து ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு எழுதும்போது வேஷம் போட நேரம் இருக்காது. 1544-ல் மட்டும் மன்சிலாசுக்கு எழுதியவை இருபதுக்கும் மேல். மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என்று ஊருக்கு ஊர் நின்று எழுதியவை. நிறைய சில்லறை விஷயங்கள். உபதேசியாருக்கு இத்தனை பணம் கொடு, பட்டங்கட்டிகளிடம் இதைச் சொல்லு என்கிற ரகம். உபதேசியார்களை அந்தக் கடிதங்கள் ‘கணக்கப்பிள்ளை’ என்ற நம் தமிழ்ச் சொல்லாலேயே குறிப்பிடுகின்றன. அவர்கள் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து? போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்த நாலாயிரம் பொன் பணத்தை, ராணியிடமே கேட்டு வாங்கித் திருப்பிவிட்டார். தூதர் மூளை!

அவருக்குப் பெரிய தலைவலி கொடுத்தது யார் தெரியுமா? சொந்த ஆட்களான போர்ச்சுகீசியர்கள். அந்த வருஷம் மார்ச்சில் ஒரு போர்ச்சுகீசியன், உள்ளூர் அரசனைச் சேர்ந்த ஓர் ஆளைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். சவேரியார் கொதித்துவிட்டார். இதையே ஓர் இந்தியன் போர்ச்சுகீசியனுக்குச் செய்தால் நாம் பொறுப்போமா, நமக்கு இருக்கிற ரோஷம் அவர்களுக்கு இருக்காதா என்று கேட்கிறார். இதைப் பார்ப்பதைவிட அபிசீனியா பக்கம் எங்கேயாவது போய்விடலாம் என்று விரக்தி வேறு. 1545 ஜனவரியில் போர்ச்சுகலில் இருந்த சகாவுக்கு எழுதியதோ இன்னும் காரம். உன் சிநேகிதர் யாரையும் அரசாங்க உத்தியோகத்தில் இந்தியாவுக்கு அனுப்பிவிடாதே, இங்கே ‘கொள்ளையடி’ என்ற ஒரு வினைச்சொல்லை எத்தனை விதமாகப் பிரயோகிக்கலாம் என்றுதான் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார். நம் ஊர் ஊழலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

இனிமேல்தான் கன்னியாகுமரி.

1544 ஜூனில் விஜயநகரப் படை தெற்கே இறங்கியது. கடிதங்களில் இவர்கள் ‘படகர்’ என்று வருகிறார்கள். நீலகிரிப் படகர் இல்லை, வடக்கிலிருந்து வந்த வடுகர். குதிரைகளில் வந்து கடற்கரை ஊர்களைச் சூறையாடினார்கள். கன்னியாகுமரி மீனவர்கள் ஓட இடமில்லாமல் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். இன்று நீங்களும் நானும் டிக்கெட் எடுத்துப் படகில் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அந்தக் கடல்தான். பாறையில் சோறு இல்லை, தண்ணீர் இல்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பசியிலும் தாகத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சேதி மணப்பாட்டுக்கு வந்தது. சவேரியார் இருபது தோணிகளைத் திரட்டினார். பட்டங்கட்டிகளை வசூலுக்கு அனுப்பினார். இருக்கிறவர்களிடம் வாங்குங்கள், ஏழைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று சொல்லியனுப்பி, தோணிகளோடு கிளம்பினார்.

ஆனி மாதம். குமரிக் கடலில் ஆனி, ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து வல்லக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எட்டு நாள் கடலில் போராடினார்கள். துடுப்புப் போடவும் முடியவில்லை, வடம் கட்டி இழுக்கவும் முடியவில்லை. தோணிகள் கன்னியாகுமரி போய்ச் சேரவே இல்லை. மணப்பாட்டுக்குத் திரும்பின.

திரும்பி வந்தவர் நடந்து போனார். அறுபது, எழுபது கிலோமீட்டர் மணல். போய்ப் பார்த்ததை ஆகஸ்ட் 1-ம் தேதி எழுதுகிறார். சாப்பிட எதுவும் இல்லாதவர்கள், நடக்க முடியாத கிழவர்கள், வழியிலேயே செத்துப்போனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்றவர்கள். அதில் அற்புதம் எதுவும் இல்லை. கையாலாகாமல் நின்று பார்த்த ஒரு மனிதரின் வருத்தம்தான் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் ஒரு பெரிய கதை உண்டு. படையெடுத்து வந்த வடுகர் சேனைக்கு முன்னால் சவேரியார் ஒற்றை ஆளாகச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நின்றார், சேனை பயந்து ஓடிவிட்டது, வேணாட்டு அரசர் மகிழ்ந்துபோய் அவரை ‘வலிய பாதிரி’ என்று கொண்டாடினார் என்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள், ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் சவேரியாரின் கடிதங்களில் இது இல்லை.

நம்புகிறவர்களோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேனையை விரட்டியவர் ஒரு பக்கம். எட்டு நாள் காற்றோடு மல்லுக்கட்டித் தோற்று, பிறகு நடந்தே போனவர் இன்னொரு பக்கம். எனக்கென்னவோ இரண்டாமவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

செப்டம்பரில் தூத்துக்குடியும் தாக்கப்பட்டது. அங்கிருந்த போர்ச்சுகீசிய கேப்டன், வடுகருக்கே குதிரை விற்றுக் காசு பார்த்தவர், சவேரியாரோடு ஜென்மப் பகை. அவரது கப்பலை எரித்துவிட்டார்கள், தீவில் போய் ஒண்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சவேரியார் மன்சிலாசுக்கு அவசரமாக எழுதுகிறார். புன்னைக்காயல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்த் தோணிகளோடு உடனே போய் உதவு என்று. பகையைத் தாகத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வேணாட்டு மன்னரின் சம்மதத்தோடு மேற்குக் கடற்கரைக்குப் போனார். முக்குவர் கிராமங்கள். பூவாரில் ஆரம்பித்து தூத்தூர், இனயம், குளச்சல், முட்டம், பள்ளம் என்று வந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம். ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார். இதை எழுதிய அதே கடிதத்தில், பழைய தெய்வங்களின் கோயில்களை இடிக்கச் சொன்னதையும் சந்தோஷமாகவே எழுதுகிறார். 1546-ல் போர்ச்சுகல் ராஜாவிடம், கோவாவுக்கு இன்க்விசிஷன் விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டு எழுதியதும் இவரேதான். அது 1560-ல், இவர் இறந்த பிறகு வந்தது. அது செய்த அக்கிரமம் தனிக் கதை. பாறையில் தவித்தவர்களுக்குத் தோணி எடுத்துக்கொண்டு போன கையும், அந்தக் கடிதத்தை எழுதிய கையும் ஒன்றுதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது சரித்திரம் ஆகாது.

அப்புறம் மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், ஜப்பான். போகப் போகத் தபால் இன்னும் தூரமானது. 1546-ல் அம்போனாத் தீவிலிருந்து நண்பர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறார். உங்கள் கடிதங்களில் நீங்கள் கைப்பட எழுதிய உங்கள் பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்து, எப்போதும் கூடவே வைத்திருக்கிறேன் என்று. கையெழுத்துகளைத் தாயத்து மாதிரி சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார் மனிதர்! 1549-ல் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது, முழங்காலில் நின்று எழுதுகிறேன் என்கிறார். 1552 ஜனவரியில், என்றும் உன்னை மறக்க முடியாதவன் என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்த கடிதத்தைக் கண்ணீரோடு படித்தேன், கண்ணீரோடுதான் எழுதுகிறேன் என்று பதில் போடுகிறார்.

அதே வருஷம் சீனச் சக்கரவர்த்தியிடம் ஒரு தூதுக்குழு போவதாக ஏற்பாடு. மலாக்கா கேப்டன், வாஸ்கோடகாமாவின் மகன் அல்வாரோ, குறுக்கே நின்றார். பத்து வருஷமாக மூட்டைக்குள் இருந்த போப்பின் பத்திரங்களை, அதிகாரத்துக்காகச் சவேரியார் வெளியே எடுத்தது அப்போதுதான். நான் நுன்சியோ, என்னைத் தடுக்க உனக்கு உரிமை இல்லை என்றார். கேப்டன் மசியவில்லை. தூதரின் அதிகாரம் தேவைப்பட்ட ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது.

தூதுக்குழு இல்லாமலே கிளம்பி, சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவில் காய்ச்சலில் விழுந்து, 1552 டிசம்பர் 3-ம் தேதி இறந்தார். பக்கத்தில் இருந்தது அந்தோணி என்ற சீன இளைஞர். கடைசியில் தனக்குப் புரியாத ஒரு மொழியில் சவேரியார் பேசிக்கொண்டிருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அது தாய்மொழியான பாஸ்க்காக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். கடைசியில் மனசு வீட்டுக்குத்தான் போகும் போலிருக்கிறது.

1553 ஜூன் 28-ம் தேதி ரோமில் இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதினார். நீ திரும்பி வா, ஐரோப்பாவுக்கு வா என்று. மகன் பதின்மூன்று வருஷமாகக் காத்திருந்த கடிதமோ என்னவோ. எழுதியபோது மகன் இறந்து ஏழு மாதம் ஆகப்போகிறது. சேதி இன்னும் ரோமுக்கு வந்து சேரவில்லை.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களில் பலர் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஊர்க்காரர்கள். சவேரியார் பெயர் எழுதிக் கொடுத்த அதே கடற்கரை. காற்று தணிகிறவரை காத்திருக்காமல் தேடப் போங்கள் என்று அந்த ஊர்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். டிசம்பர் 3-ம் தேதி கோட்டாறு திருவிழா அந்த அழுகைக்கு நடுவேதான் வந்தது. அந்த நாட்களில் மணப்பாட்டுக் கடிதங்கள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. கரையில் நிற்பவனின் தவிப்புக்கு 473 வருஷத்தில் வயசே ஆகவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. வலது கை அங்கே இல்லை. 1614-ல் அதைத் துண்டித்து ரோமுக்கு அனுப்பினார்கள். கெசு தேவாலயத்தில் ஒரு பக்கப் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். எதிர்ப் பக்கப் பீடத்தில், நேரெதிரே, இஞ்ஞாசியாரின் கல்லறை.

முத்துக்குளித்துறையில் சோர்ந்துபோன கை. கொச்சியில் ஜனவரிக் கப்பலைப் பிடிக்க விழுந்து விழுந்து எழுதிய கை. எழுபத்திநாலு வருஷம் கழித்து, அது மட்டும் தகப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.